மேற்கே விரிந்த நாடு – 8: சபாநாயகர் மேஜையில் ஒரு மசோதா

சென்ற வாரம் 1803-ல் நிறுத்தினோம். ஹைட்டித் தீவில் அடிமைகள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள். அவர்களை அடக்க நெப்போலியன் அனுப்பிய படை போரிலும் மஞ்சள் காய்ச்சலிலுமாகக் கரைந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கண்டத்தில் சாம்ராஜ்யம் கட்டும் ஆசையை அவர் கைகழுவினார். ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானா கைமாறியது. எட்டு லட்சம் சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலம். அதில் வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடிமைகள் விலங்கை உடைத்ததால் விலைக்கு வந்த நிலம் அது. அந்த நிலத்துக்கு அடிமைகளைக் கொண்டுபோகலாமா?

1804-ல் செனட்டில் சிலர் கேட்டுப் பார்த்தார்கள். பேச்சு எழுந்த வேகத்தில் அடங்கிவிட்டது. அதன்பின் நெடுநாள், எல்லோருக்கும் வசதியான ஒரு மௌனம்.

1819 பிப்ரவரி 13, சனிக்கிழமை. அந்த மௌனத்தை உடைத்தவர் அதிகம் பெயர் தெரியாத ஓர் உறுப்பினர்.

*

வாஷிங்டனில் அப்போது நாடாளுமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. 1814-ல் ஆங்கிலேயர் கொளுத்திவிட்டுப் போன கேபிடல் மாளிகையின் செப்பனிடும் வேலை முடிந்திருக்கவில்லை. எதிரே அவசரமாகக் கட்டிய ஒரு செங்கல் கட்டடத்தில் அவை கூடிக்கொண்டிருந்தது. இன்று உச்ச நீதிமன்றம் நிற்கும் இடம்.

அன்றைய அலுவல் சாதாரணமானது. மிசௌரி பிரதேசம் மாநிலமாக வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தது. அதற்கு வழிசெய்யும் மசோதா.

நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் எழுந்தார். அவைக்குப் புதியவர், மறுபடி தேர்தலில் நிற்கும் உத்தேசமும் இல்லாதவர். மசோதாவில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொன்னார். இரண்டே கூறுகள். ஒன்று, மிசௌரிக்குள் இனிப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. இரண்டு, மாநிலமான பிறகு அங்கே அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும்.

கவனியுங்கள், ஏற்கெனவே அங்கே அடிமையாக இருப்பவர் ஒருவரைக்கூட இந்தத் திருத்தம் விடுவிக்கவில்லை. மிசௌரியில் அப்போது ஏறத்தாழ 10,000 அடிமைகள். அவர்கள் சாகும்வரை அடிமைகளாகவே இருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள்கூட இளமையின் பாதியைத் தொலைத்த பிறகுதான் வெளியே வருவார்கள். நியூயார்க் தன் சொந்த அடிமைகளை இதே மாதிரிதான், தவணை முறையில், விடுவித்துக்கொண்டிருந்தது. மிக மிதமான யோசனை.

ஆனால் தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள்.

*

ஏன்? வரைபடத்தைப் பார்த்தால் பாதி விளங்கும்.

1787-ல் ஒரு சட்டம் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறையைத் தடை செய்திருந்தது. கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் அந்த ஆறு இயற்கையே போட்டுக்கொடுத்த எல்லை மாதிரி அமைந்துவிட்டது. வடகரை சுதந்திரம், தென்கரை அடிமை. மிசிசிப்பியில் போய் ஒஹாயோ கலக்கும் இடத்தோடு அந்த எல்லையும் முடிந்தது. அதற்கு அப்பால் கோடு ஏதும் கிடையாது. மிசௌரி இருப்பதோ மிசிசிப்பிக்கு மேற்கே, பெரும்பகுதி வடக்கே தள்ளி, அடிமை முறையைத் தடை செய்த இல்லினாய்க்கு நேர் எதிரே. ஆனால் அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியாவிலிருந்து அடிமைகளோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள்.

மீதிப் பாதி கணக்கு. பிரதிநிதிகள் சபையில் இடங்கள் மக்கள்தொகைப்படி. அடிமைக்கு ஓட்டு இல்லை. ஆனால் தொகுதிக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொள்ள அரசியல் சாசனம் இடம் கொடுத்தது. அந்த உபரி இருந்தும் தெற்கு அந்தச் சபையில் சிறுபான்மை ஆகிவிட்டது. வடக்கில் மக்கள்தொகை அத்தனை வேகமாகப் பெருகியது. தெற்குக்கு எஞ்சிய அரண் செனட் ஒன்றுதான். அங்கே மாநிலத்துக்கு இரண்டு இடம், சிறிதோ பெரிதோ. அலபாமாவும் சேர்ந்துவிட்டால் 11 சுதந்திர மாநிலம், 11 அடிமை மாநிலம். தராசு முள் நடுவில் நிற்கும். மிசௌரி 23-வது.

இதற்கெல்லாம் அடியில் பருத்தி. எலி விட்னியின் விதை நீக்கும் எந்திரம் 1793-ல் வந்தது. அதற்கு முன் அடிமை முறை மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும் என்று வர்ஜீனியாவின் கனவான்களே பேசிக்கொண்டிருந்தார்கள். 1790-ல் ஏறத்தாழ ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1820-ல் பதினைந்து லட்சம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது 1808 முதல் சட்டவிரோதம். அதனால் மண் களைத்துப்போன வர்ஜீனியாவில் உபரியாக இருந்தவர்களுக்கு மேற்கே நல்ல விலை. மேற்குக் கதவை அடைத்தால் அந்தச் சந்தையும் அடைபடும். இதை யாரும் அவையில் உடைத்துச் சொல்லவில்லை. அடிமைகளைப் பரந்த நிலத்தில் பரப்பிவிட்டால் அவர்கள் நிலைமை மேம்படும், நாளடைவில் அந்த முறையே நீர்த்துப்போகும் என்று தத்துவம் பேசினார்கள். முதிய ஜெஃபர்சன்கூட அதை நம்பினார், அல்லது நம்ப விரும்பினார்.

*

பிப்ரவரி 16. டால்மேட்ஜ் பதில் சொல்ல எழுந்தார்.

இதற்குள் விவாதம் எல்லை மீறியிருந்தது. கடல் நீர் முழுவதும் ஊற்றினாலும் அணையாத தீயை மூட்டிவிட்டீர்கள், ரத்தக் கடல்தான் அதை அணைக்கும் என்று ஜார்ஜியாவின் தாமஸ் காப் சொல்லியிருந்தார். நாடு உடைவதென்றால் உடையட்டும், உள்நாட்டுப் போர் வருவதென்றால் வரட்டும் என்றார் டால்மேட்ஜ். அந்தப் போர் வெடித்த 1861-க்கு இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டு இருந்தது.

அந்தப் பேச்சில் என்னை நிறுத்திவைப்பது இந்தச் சவால் இல்லை. இடையில் அவர் சொன்ன வேறொன்று. விவாதம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே அடிமை வியாபாரி ஒருவன் நாடாளுமன்ற வாசல் வழியாகவே மேற்கு நோக்கிப் போனான். அவன் முன்னே ஏறத்தாழ பதினைந்து பேர். ஆண்களுக்குக் கைவிலங்கு; ஒருவரோடு ஒருவரைச் சங்கிலியால் பிணைத்திருந்தது. பின்னால் பெண்களும் குழந்தைகளும், சாட்டை வைத்திருப்பவனின் மேற்பார்வையில். உள்ளே உறுப்பினர்கள் சாசனத்தின் ஷரத்துகளைப் புரட்டிக்கொண்டிருக்க, அந்த ஷரத்துகளின் பொருள் வாசலில் நடந்துபோய்க்கொண்டிருந்தது.

மாடத்தில் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது இப்படியெல்லாம் பேசுவது அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டுவதாகும் என்று வர்ஜீனிய உறுப்பினர் ஒருவர் ஏற்கெனவே கடிந்துகொண்டிருந்தார். இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வாக்கெடுப்பு. முதல் கூறு 87-க்கு 76. இரண்டாவது 82-க்கு 78. கட்சி பார்க்கவில்லை யாரும். அன்று கட்சி என்று சொல்லும்படி இருந்ததே ஒன்றுதான். அது வடக்கு, தெற்கு என்று நடுவே பிளந்தது. செனட் இரண்டையும் தள்ளுபடி செய்தது. பிரதிநிதிகள் சபை விட்டுக்கொடுக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் கூட்டத்தொடர் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். மிசௌரி அந்தரத்தில் தொங்கியது.

அதே பிப்ரவரி 22-ல், அதே ஊரில், வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஸ்பெயினுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஃபுளோரிடாவையும் வாங்கிச் சேர்த்தார். நிலம் சேர்ந்துகொண்டே போயிற்று.

*

டிசம்பரில் செப்பனிட்ட கேபிடல் மாளிகையில் புதிய அவை கூடியபோது இன்னொரு விண்ணப்பம் காத்திருந்தது. மாசசூசெட்ஸின் வடகோடியில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த மெயின் பகுதி, தனி மாநிலமாக வேண்டும் என்று கேட்டது. மாசசூசெட்ஸும் சம்மதித்துவிட்டது. ஒரு நிபந்தனை: 1820 மார்ச் 4-க்குள் நாடாளுமன்றம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் சம்மதம் காலாவதி.

இந்தத் தேதியைத் தெற்கு இறுகப் பிடித்துக்கொண்டது. செனட்டில் மெயினையும் மிசௌரியையும் ஒரே மசோதாவில், முரட்டு மாட்டோடு சாதுவான மாட்டைப் பூட்டுவது போலப் பூட்டினார்கள். மெயின் வேண்டுமென்றால் மிசௌரியை நிபந்தனை இல்லாமல் விடு. மீனவர்களும் மரம் வெட்டுபவர்களும் வாழ்ந்த மெயின், அடிமை முறையோடு ஒட்டோ உறவோ இல்லாத மண், பிணையாகிப் போனது.

இல்லினாயின் செனட்டர் ஜெஸ்ஸி தாமஸ் ஒரு கோடு போட்டார். மிசௌரியின் தென் எல்லை ஓடும் அட்சரேகை, 36 டிகிரி 30 நிமிடம். மிசௌரி மட்டும் விதிவிலக்கு. மற்றபடி லூசியானாவாக வாங்கிய நிலத்தில் அந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை என்றென்றைக்கும் கிடையாது. தெற்கே தடை இல்லை. கூடவே ஓர் இணைப்பு: வடக்கே தப்பி ஓடும் அடிமையை உரிமையாளர் பிடித்துக்கொண்டு போகலாம். இந்த இணைப்பைப் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் மறந்துவிடும்.

இதற்கிடையே பிப்ரவரியில் நியூயார்க்கின் செனட்டர் ரூஃபஸ் கிங் பேசினார். 64 வயது. 1787-ல் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அந்தச் சாசனம் என்ன பேரத்தில் பிறந்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் சாசனத்துக்கும் மேலே ஏறினார். மனிதனை அடிமையாக்கும் எந்தச் சட்டமும் எந்த உடன்படிக்கையும் செல்லாது, ஏனென்றால் அது இயற்கையின் சட்டத்துக்கு விரோதம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பெரிய அடிமை உரிமையாளர்கள் உதட்டைக் கடித்து முஷ்டியை இறுக்கினார்கள் என்று ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

கிங்கின் கருத்துகள் அச்சாகிப் பரவின. எங்கெங்கே, யார் யார் கைக்குப் போயின?

*

மார்ச் 2, வியாழக்கிழமை. மெயினின் கெடு முடிய இரண்டு நாள்.

சபாநாயகர் நாற்காலியில் கென்டக்கியின் ஹென்றி கிளே. 42 வயது. அடிமைகளை வைத்திருப்பவர், அடிமை முறை கெடுதல் என்று சொல்லிக்கொள்பவர். இரண்டையும் ஒருசேரச் செய்வதில் அவருக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எண்ணிக்கை தெரிந்தவர். மொத்தத் திட்டத்தையும் ஒரே மசோதாவாக வைத்தால் அவை அதைக் கிழித்துப் போடும்; அது ஏற்கெனவே நடந்தும் விட்டது. ஆகவே இரு அவைகளின் கூட்டுக் குழு அதைத் துண்டு துண்டாக்கியது.

முதல் துண்டு: மிசௌரியின் மேல் அடிமைத் தடை வேண்டாம். 90 பேர் ஆதரவு, 87 பேர் எதிர்ப்பு. எதிர்த்த 87 பேரும் வடக்கு. ஆதரித்தவர்களில் தெற்கு மொத்தமும், கூடவே வடக்கிலிருந்து நழுவி வந்த 14 பேரும். மேலும் நான்கு வடக்கத்தியர் அன்று இருக்கையில் இல்லை. இருந்து எதிர்த்திருந்தால் 91-க்கு 90. மிசௌரி மசோதா அங்கேயே படுத்திருக்கும்.

இரண்டாம் துண்டு: 36 டிகிரி 30 நிமிடக் கோடு. 134 ஆதரவு, 42 எதிர்ப்பு. இந்த முறை எதிர்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கு. மேற்கு நிலத்தில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது அவர்கள் கட்சி.

ஒவ்வொரு துண்டுக்கும் பெரும்பான்மை கிடைத்தது. ஆனால் வேறு வேறு பெரும்பான்மை. முழுத் திட்டத்தையும் மனதார ஆதரித்தவர்கள் இரு தரப்பிலும் சிலரே. பின்னாளில் பெரிய சமரசம் என்று கொண்டாடப்பட்டது இதுதான். சமரசம் என்றால் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டாமா? இங்கே சம்மதித்தது வாக்குக் கணக்கு ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

*

கதை அன்றோடு முடியவில்லை.

வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் எழுந்தார். ஒல்லியான உருவம், கீச்சென்ற குரல், நாகப்பாம்பின் நாக்கு. ஒரு காலத்தில் வேட்டை நாய்களோடு அவைக்குள் வருவார். அதை நிறுத்தியதே கிளேதான். வடக்கிலிருந்து நழுவிய அந்த 14 பேரை மாவுப் பொம்மை முகத்தார் என்று எள்ளியவரும் இவரே, அவர்கள் வாக்கால் தன் பக்கம்தான் ஜெயித்தது என்றபோதும். அந்தக் கோடு அவருக்கு வேம்பாகக் கசந்தது. முதல் துண்டின் வாக்கெடுப்பை மறுபரிசீலனை செய்யத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்றார்.

கோரிக்கை நியாயமானது, அவை விதி இடம் கொடுத்தது. மூன்று வாக்கு வித்தியாசம். ஓர் இரவில் இரண்டு பேர் மனம் மாறினால் போதும்.

நேரமாகிவிட்டது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் கிளே.

மார்ச் 3, வெள்ளி. அவை கூடியதும் ராண்டால்ஃப் எழுந்தார். காலையில் வழக்கமான அலுவல்கள் முடிய வேண்டும், மாநிலங்களிலிருந்து வந்த மனுக்களைப் பெற வேண்டும், அதுவரை இது ஒழுங்கல்ல என்றார் கிளே. ராண்டால்ஃப் உட்கார்ந்தார். மனுக்கள் ஒவ்வொன்றாக வந்தன.

மனுக்கள் வந்துகொண்டிருந்தபோதே கிளே மிசௌரி மசோதாவில் கையெழுத்துப் போட்டார். அவைச் செயலர் அதை எடுத்துக்கொண்டு செனட்டுக்கு நடந்தார்.

அலுவல் முடிந்தது. ராண்டால்ஃப் மூன்றாம் முறையாக எழுந்தார். கிளே அமைதியாகப் பதில் சொன்னார்: மசோதா இப்போது இந்த அவையின் வசம் இல்லை.

விதிப்படி எல்லாம் சரி. ராண்டால்ஃப் கொதித்தார், முறையிட்டார். 71-க்கு 61 என்ற வாக்கில் அவை காதை மூடிக்கொண்டது. ஆறு ஆண்டு கழித்து, 1826-ல், வேறொரு வாய்த்தகராறில் இந்த இருவரும் பொட்டோமாக் ஆற்றங்கரையில் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். இரண்டு பேரின் குறியும் தப்பியது.

*

இனி ஜனாதிபதி மன்றோவின் கையெழுத்து பாக்கி. வர்ஜீனியாக்காரர், அடிமை உரிமையாளர். மார்ச் 3 அன்றே அமைச்சரவையைக் கூட்டினார்.

இரண்டு கேள்விகள். பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? உண்டு என்றார்கள், தெற்கத்தியர் உட்பட. மசோதாவில் ‘என்றென்றைக்கும்’ என்று இருக்கிறதே, அந்தப் பிரதேசம் நாளை மாநிலமான பிறகும் தடை நீடிக்குமா? இங்கே முட்டிக்கொண்டது. நீடிக்கும் என்றார் ஆடம்ஸ். பிரதேசமாக இருக்கும்வரைதான் என்றார்கள் தெற்கத்தியர்.

போர்த்துறை அமைச்சர், தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன், வழி சொன்னார். இரண்டாவது கேள்வியை மாற்றிவிடுங்கள். அந்தப் பிரிவு சாசனத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் ஆம் என்று எழுதிக் கொடுக்கலாம். அவரவர் காரணம் அவரவர் மனத்தில் இருக்கட்டும். அப்படியே ஆயிற்று. மார்ச் 6-ல் மன்றோ கையெழுத்திட்டார்.

அந்த மார்ச் 3 கூட்டம் முடிந்து ஆடம்ஸும் கால்ஹூனும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். சமத்துவம் பற்றி நீங்கள் சொல்லும் கொள்கைகள் உயர்ந்தவைதான், ஆனால் எங்கள் ஊரில் அவை வெள்ளையருக்கு மட்டுமே என்பதுதான் எல்லோருடைய புரிதல் என்றார் கால்ஹூன். கூலி வேலையும் வீட்டு வேலையும் அடிமைக்கு உரியவை. வெள்ளையர் எவரும் அதைச் செய்ய இறங்க மாட்டார். ஆகவே வெள்ளையருக்குள் ஏழை பணக்காரன் பேதமில்லாத சமத்துவம் நிலைக்கிறது. அடிமை முறை சமத்துவத்தின் காவல்! ஆடம்ஸ் வீட்டுக்குப் போய் இதை வரி பிசகாமல் எழுதினார். எழுதிவிட்டு, சமரசத்தைத் தான் ஆதரித்தது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மிசௌரி விவகாரம் ஒரு பெரிய சோக நூலின் முகப்பேடு என்று ஜனவரியிலேயே குறித்துவைத்த மனிதர் அவர்.

*

மெயின் மார்ச் 15-ல் மாநிலமானது. மிசௌரி அடுத்த கலாட்டாவைக் கிளப்பியது: தான் எழுதிக்கொண்ட சாசனத்தில், சுதந்திரமான கறுப்பர்கள் மாநிலத்துக்குள் வந்து குடியேறக் கூடாது என்று ஒரு ஷரத்து. மறுபடி மோதல், மறுபடி கிளே, மறுபடி ஒரு சொல் பூச்சு. 1821 ஆகஸ்ட் 10-ல் மிசௌரி 24-வது மாநிலமானது. பத்திரிகைகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

மாடத்தில் கேட்பவர்களைப் பற்றி வர்ஜீனிய உறுப்பினர் அஞ்சினாரே, நினைவிருக்கிறதா?

தென் கரோலினாவின் துறைமுக நகரம் சார்ல்ஸ்டன். அங்கே டென்மார்க் வெசி என்று ஒரு தச்சர். அடிமையாக இருந்தவர். 1799-ல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலரைக் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். பிள்ளைகளை மீட்க முடியவில்லை. ஊரில் பெரும்பாலான கறுப்பர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: எழுதப் படிக்க.

1822-ல் சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னபடி, வெசி தன் கூட்டாளிகளிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். ரூஃபஸ் கிங்கின் பேச்சு. நாடாளுமன்றம் நம்மை விடுவித்துவிட்டது, எஜமானர்கள் அதை மறைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

நாடாளுமன்றம் யாரையும் விடுவிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த வெசிக்கு அது தெரியாமலா இருந்தது? தெரிந்தும் சொன்னார் என்றால், அந்தக் கோடைக்காலத்தில் சார்ல்ஸ்டனில் என்ன செய்யத் திட்டமிட்டிருந்தார்?

(தொடரும்)